முகப்பில் வேலை தெரியக் கூடாது

என் மனைவிக்குக் கண்ணின் நடுப்பகுதி போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் நான் கட்டற்ற முகப்புக் கலை மன்றத்தில் போய்ச் சேர்ந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. அந்தச் சம்பந்தத்தை மன்றத்துக்குக் கடைசிவரை என்னால் புரியவைக்க முடியவில்லை.

அவள் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறவள். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பிழை பொறுக்குகிற வேலை. மருந்து டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டில் பிழை இருந்தால் அதைப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவாள். அப்படிப்பட்டவளிடம் கண் டாக்டர், "ஓரம் நிக்கும்மா. நடுவு மட்டும்தான் போகும்" என்றார். ஏதோ சலுகை தருகிறவர் போலத்தான் சொன்னார்.

நடுவு போனால் என்ன ஆகும் என்பது எனக்கு வீட்டில்தான் தெரிந்தது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது அவளுக்குத் தெரியாது. அதன் பக்கத்தில் இருப்பது தெரியும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் என் காதுக்கு அப்பால் இருக்கும் சுவரைப் பார்ப்பாள். ஆரம்பத்தில் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

"நான் படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க படிச்சா பிழையையும் சேர்த்துச் சரியாப் படிச்சிடுவீங்க. காதுக்குக் கமா தெரியாதுங்க" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தது அவள் தம்பி. கப்பலில் வேலை செய்கிறவன். "காசு குடுத்து வாங்குறதுல எல்லாம் அவங்க சொல்ற மாதிரிதான் இருக்கணும் மாமா. இதுல எல்லாமே நம்ம இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த இஷ்டத்தை நம்பித்தான் நாங்கள் உட்கார்ந்தோம். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் நான் மவுஸைப் பிடிப்பேன். அவள் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, "இன்னும் இடது. இல்ல, ரொம்பப் போயிட்டீங்க. எழுத்தை இன்னும் பெருசு பண்ணுங்க. மஞ்சள் பளிச்சுனு இல்லையே" என்பாள். நான் எதைத் தட்டினேன், எது மாறியது என்று எனக்கே தெரியாது. தப்பாகத் தட்டித் திரை முழுக்கக் கவிழ்ந்துபோன நாளும் உண்டு. வாரக்கணக்கில் இப்படித் தடவித் தடவி ஓர் இடத்தில் வந்து நின்றோம். கறுப்புத் தரையில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் தண்டிக்கு. ஃபைல் தெரிகிற ஜன்னல் திரையின் இடது விளிம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். வலது பாதி வெறும் கறுப்பு. மவுஸ் அம்பு வாழைப்பழம் அளவுக்கு.

அவள் அந்த வெறும் கறுப்பைப் பார்த்துக்கொண்டு, இடது பக்கத்திலிருந்த ஒரு வரியை வாய்விட்டுப் படித்தாள். பிறகு, "இந்த இடத்துல ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்றாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிற மாதிரி நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரே ஒரு தொல்லைதான் மிச்சம். பதிப்பகம் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனி ஃபைலாக அனுப்பும். புது ஃபைலைத் திறந்தால் அது திரையின் நடுவில் போய்த் திறக்கும். நடுவில் திறந்தால் பார்வையைத் தள்ளி நிறுத்தப் பக்கத்தில் போதுமான கறுப்பு இருக்காது; எழுத்து அவளுக்குத் தெரியாது. இழுத்து ஓரத்தில் விட நான் வேண்டும். நான் பகலில் ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருப்பேன். போன் அடிக்கும். "ஏங்க, நடுவுக்குப் போயிடுச்சு" என்பாள். அன்றைய வேலை அவளுக்கு அத்தோடு சரி. நான் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஃபைல் திறக்கும்போதே இடது ஓரத்தில் திறக்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தேவை. மச்சினன் கப்பலிலிருந்து கரை இறங்கிய நேரத்தில் போனில் கேட்டேன். "சின்ன விஷயம் மாமா. நேர்ல இருந்தா பண்ணிடுவேன். உங்க பக்கத்துலயே முகப்புக் கலை மன்றம்னு ஒண்ணு இருக்காமே, அவங்க இதுல புலிங்க" என்றான்.

புலிகள் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டம். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடி, இருட்டில் புரொஜெக்டர் வைத்திருந்தார்கள். கீழேயிருந்து ரப்பர் வாசனை. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் தெரிகிற திரையைத்தான் முகப்பு என்றார்கள். ஒவ்வொருவராக எழுந்துபோய்த் தங்கள் முகப்பின் படத்தைச் சுவரில் காட்டினார்கள். படம் விழுந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசுவதில்லை. பிறகு கைதட்டல்.

எல்லார் படமும் ஒன்றுபோலவே இருந்தது என்று நினைத்தது என் அறியாமை. பின்பக்கம் இருட்டு மலை, அதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒற்றை ஆள். அதன்மேல் நடுவில் நான்கு கண்ணாடிப் பெட்டிகள். முதல் பெட்டியில் கம்ப்யூட்டரின் பெயர், வயசு, ஞாபகசக்தி. இதைச் சாட்சிப்பெட்டி என்பார்கள். இரண்டாவதில் யாரும் கேட்டிராத ஒரு பாட்டு, நிறுத்திவைத்த நிலையில். மூன்றாவதில் பாட்டுக்கேற்ப எழும்பி இறங்கும் கோடுகள். நான்காவதில் வண்ண வண்ணமாக ஏதோ நிரல்.

பக்கத்தில் இருந்தவரிடம், "அந்த நிரல் என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாது. ஆனா நிறம் நல்லா எடுக்கும்" என்றார். அவர்தான் மன்றத்தின் பொருளாளர். தன் முகப்பில் எழுத்தை முடிபோல மெலிசாக்கிச் சாம்பல் நிறத்தில் வைத்திருந்தார். அதை எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். "படிக்கறதுக்கு வீட்டுல வேற கம்ப்யூட்டர் இருக்கு சார்" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

தலைவரை எல்லாரும் இடைவெளி என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர். அந்த இடைவெளி எவ்வளவு என்பதில் தகராறு வந்து மன்றம் ஒருமுறை இரண்டாக உடைந்து, உடைந்த பாதி செருப்புக் கடை மாடிக்குப் போய்விட்டது. அன்றும் ஒரு படத்தில் இடைவெளி கொஞ்சம் கூடுதல் என்று செயலாளர் எழுந்தார். அவருக்குப் பட்டப்பெயர் பொட்டு. திரையில் ஒரு புள்ளி, அவர்கள் பாஷையில் பொட்டு, விலகினாலும் பிடித்துவிடுவார். படத்துக்குச் சொந்தக்காரர், வளர்ந்த மனிதர், கண்கலங்கி நின்றார். "இதுக்காக நான் ஆபீஸ்ல லீவு போட்டேன் பொட்டு சார்" என்றார். சபை உச்சுக்கொட்டியது. பாவம், ஒரு பொட்டு.

என் முறை வந்தது. நான் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவியின் கண், அத்தியாயம், இடது ஓரம். இருட்டில் யார் முகமும் தெரியவில்லை.

தலைவர் நிதானமாகப் பேசினார். "சார், இது சுதந்திரத்துக்காக இருக்கற மன்றம். இங்க யாரும் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். உங்க முகப்பை நீங்க எப்படி வேணா வைச்சுக்கலாம். அதுதான் கட்டற்ற மென்பொருளோட உயிர். ஆனா சந்தேகம் கேக்கணும்னா முதல்ல உங்க படம் பாஸாகணும். பாஸாகாத முகப்புக்குச் சந்தேகம் தீர்த்தா, நாங்க அந்த முகப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் இல்லையா?"

சரி, படம்தானே என்று அடுத்த வாரம் எங்கள் திரையைப் படம் பிடித்துக் கொண்டுபோனேன். சுவரில் விழுந்ததும் முன்வரிசையில் ஒருவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். பொட்டு எழுந்து ஒரு குச்சியால் சுவரைத் தொட்டார்.

"இது என்ன?"

"நாவல். அஞ்சாவது அத்தியாயம்."

"நிஜ ஃபைலா?"

"ஆமாங்க. அவ திருத்திக்கிட்டிருக்கா."

சபையில் சலசலப்பு. தலைவர் கையமர்த்தினார். "புதுசா வர்றவங்க எல்லாருமே பண்ற தப்புதான். முகப்புல வேலை தெரியக் கூடாது சார். வேலை தெரிஞ்சா பாக்கறவன் கவனம் முகப்பை விட்டு அதுக்குப் போயிடும். அப்புறம் முகப்பு எதுக்கு?"

எனக்கு லிஃப்ட் ஞாபகம்தான் வந்தது. ஆள் ஏறினால் அழகு கெடும் என்று எந்தக் கட்டடத்திலும் இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. தலையாட்டி வைத்தேன். காரியம் ஆக வேண்டியிருந்தது.

பிறகு நான் பட்ட பாட்டை எழுதினால் மன்றத்துக்கே கைதட்டத் தோன்றும். மனைவி குளிக்கப் போகிற இடைவேளைகளில், ஃபைலை மூடிவிட்டுப் படம் எடுப்பேன். வெறும் கறுப்புத் திரை. "சாட்சிப்பெட்டி எங்கே?" என்பார்கள். சாட்சிப்பெட்டியோடு போனேன், அதிலும் மஞ்சள் எழுத்து. "இந்த மஞ்சளைப் பாத்தா பயமா இருக்கு" என்றார் பொருளாளர். பாட்டுப் பெட்டி வைத்தேன். அதில் ஓடியது எல்லாருக்கும் தெரிந்த பாட்டாக இருந்ததால் அதுவும் தள்ளுபடி. ஒரு ஞாயிறு முழுக்க, கோப்பு ஐகானின் முனை வளைந்திருக்க வேண்டுமா கூராக இருக்க வேண்டுமா என்று பேசினார்கள். முடிவில் ஐகானே வேண்டாம் என்று தீர்மானமானது. ஒருவர் தன் வீட்டில் மெயில் ஐகான் மற்றவற்றோடு பொருந்தவில்லை என்பதால் ஒரு வருஷமாக மெயிலே பார்ப்பதில்லை என்று எழுந்து அறிவித்தார். அவருக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வீட்டில் அவள் கேட்பாள், "என்ன சொன்னாங்க?"

"ஆயிடும்."

"எனக்குத் திட்டு இன்னும் பெருசாகுதுங்க" என்றாள் ஒரு நாள். திட்டு என்று அவள் சொல்வது கண் நடுவிலிருந்த ஓட்டையை. "முன்னாடி ஒரு வரியில பாதி தெரியும். இப்ப ஒவ்வொரு வார்த்தையாத்தான் பிடிக்க முடியுது. நாவல் முடியறதுக்குள்ள போயிடுமோன்னு இருக்கு." சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மறு ஞாயிறு தலைவரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் இரக்கப்பட்டவர் போல, "வீட்டுக்கே வந்து பாத்துடறோம்" என்றார். வந்தார்கள். தலைவரும் பொட்டும். பொட்டுவின் கையில் ஒரு துடைக்கும் துணி. அடுத்தவர் வீட்டுத் திரையை முதலில் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பாராம்.

அவள் படித்துக்கொண்டிருந்தாள். பதிப்பகத்திலிருந்து கடைசிக்கு முந்தைய அத்தியாயம் வந்திருந்தது. அதை அன்று காலையில்தான் நான் இழுத்து ஓரத்தில் விட்டிருந்தேன். முகத்தை வலது பக்கம் திருப்பி, கறுப்பைப் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தாள்.

"மேடம் ஸ்க்ரீனைப் பாக்கவே மாட்டேங்கறாங்களே" என்று பொட்டு என் காதில் கேட்டார்.

"பாக்கறா சார். அப்படிப் பாத்தாதான் தெரியும்."

தலைவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று வெகுநேரம் திரையைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். கடைசியில், "பொட்டு, இதுல ஒரு கோபம் இருக்கு" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு தலைவரே."

"நடுவை வேணும்னே காலியா விட்டிருக்காங்க. வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. பாக்கறவனைப் பத்திக் கவலையே இல்ல. நேர்ல பாக்கும்போதுதான் புரியுது. இது வெறும் அசிங்கம் இல்ல, துணிச்சலான அசிங்கம்."

"அது கண்ணுக்காக..." என்று ஆரம்பித்தேன்.

"கண்ணுக்காகத்தான் சார் எல்லாமே" என்றார் தலைவர்.

பொட்டு உடனே படம் எடுத்துக்கொண்டார். பிறகு என் மனைவியிடம் மரியாதையாக, "மேடம், கொஞ்சம் எழுந்துக்கறீங்களா, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்" என்றார். அவள், "பக்கத்தை மட்டும் முடிச்சுக்கறேனே" என்றாள். "இதோ ஆயிடும் மேடம்." அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது ஓரத்தில் திறக்க வேண்டும் என்று நான் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். பொட்டு தலையாட்டிக்கொண்டே ஒரு பென்டிரைவைச் செருகி, தடதடவென்று தட்டினார். அவர் விரல்களின் வேகத்தைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

திரை அணைந்து மறுபடி வந்தது. இருட்டு மலை. முதுகு காட்டும் ஆள். நடுவில், நாலு புறமும் ஒரே அளவு இடம் விட்டு, கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதற்குள் சாம்பல் நிறத்தில், முடிபோல மெலிந்த எழுத்தில், நாவலின் அத்தியாயம்.

"உங்க பிரச்சினை என்ன? ஃபைல் ஒவ்வொரு தடவையும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. நீங்க இழுத்து இழுத்து விட வேண்டியிருக்கு. அதானே?" என்றார் பொட்டு. "மன்றத்தோட முகப்புத் தொகுப்பையே போட்டுட்டேன். இனிமே நடுவை விட்டு அது எங்கயும் போகாது. நீங்களே இழுத்தாலும் திரும்பி வந்துடும்." இழுத்துக் காட்டினார். ஜன்னல் ரப்பர்போல நடுவுக்கு ஓடி வந்து நின்றது.

என் மனைவி உட்கார்ந்தாள். முகத்தை வலது பக்கம் திருப்பினாள். இடது பக்கம் திருப்பினாள். மேலே பார்த்தாள். கையை நீட்டித் திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, எங்க இருக்கு?" என்றாள்.

பழையபடி மாற்றுங்கள் என்றேன். பொட்டுவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் என்னைப் பாவமாகப் பார்த்தார். "பழசு மேலேயே எழுதியாச்சு சார்."

"நகல் எடுத்து வைக்கலையா?"

"நல்லா இருக்கறதுக்குத்தான் நகல் எடுப்போம். இதுக்கு யார் எடுப்பாங்க? ஆனா கவலைப்படாதீங்க, படம் எடுத்திருக்கேன். பழசு அப்படியே படத்துல இருக்கு."

எவ்வளவு பேச வேண்டுமோ அவ்வளவும் நான் பேசினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். தலைவர் முகம் கோணாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, "சுதந்திரம்னா ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருக்கும் சார். மாத்திக்கற உரிமை உங்களுக்கு எப்பவும் இருக்கு. அதுதான் கட்டற்ற மென்பொருள்" என்றார்.

அந்த உரிமையை வைத்துக்கொண்டு நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம். மன்றத்தின் தொகுப்பைக் கழற்றவே எனக்கு நாள் பிடித்தது. மச்சினன் நடுக்கடலில் இருந்தான். ஒருவழியாகக் கழற்றி, என்னிடமிருந்த பழைய படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகக் கறுப்பையும் மஞ்சளையும் கொண்டுவந்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். ஜன்னலை ஓரத்துக்குத் தள்ளினேன். "இங்கயா? இன்னும் இடதா?" என்று கேட்பேன். அவள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள்.

"தெரியலைங்க. முன்னாடி எனக்குத் தெரிஞ்சுது, அதனால சொன்னேன். இப்ப எங்க வைச்சா தெரியும்னு எனக்கே சொல்லத் தெரியல" என்றாள் கடைசியில்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அப்போது அவளுக்கு இருந்த பார்வை வேண்டும். அது போய்விட்டது. இருந்த பார்வையில் கண்டுபிடித்துப் பழகி வைத்த இடமாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அதில் ஓட்டியிருப்பாள் என்று டாக்டரே சொன்னார். பதிப்பகத்தார் நல்லவர்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் மிச்ச அத்தியாயங்களை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் மேஜைப் பக்கம் அவள் போகவில்லை. மாத்திரை டப்பாவை என்னிடம் நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தாள். என்ன எழுதியிருந்தாலும் நான் சரியாகவே படித்தேன்.

மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தபோது கிழித்துப் போடத்தான் போனேன். 'துணிச்சல் முகப்பு' என்று புதிதாக ஒரு பரிசு ஏற்படுத்தியிருந்தார்கள். அதை என் மனைவிக்குக் கொடுக்கிறார்களாம். படித்துச் சொன்னதும், "போலாங்க" என்றாள்.

"அங்க எதுக்கும்மா? அவங்க முகத்தைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல."

"எனக்குத்தான் யார் முகமும் தெரியாதே. படத்தைப் பெருசாக் காட்டுவாங்கன்னு சொன்னீங்கல்ல?" என்றாள்.

அழைப்பைக் கிழிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு வாடகை மண்டபம் பிடித்திருந்தார்கள். வழக்கம்போல ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. சுவர் முழுக்க வெள்ளைத் திரை. முன்வரிசையில் வலது கோடி நாற்காலி வேண்டும் என்று கேட்டு அதில் அவளை உட்கார வைத்தேன். விளக்கை அணைத்துவிட்டுத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நாம யாருக்காக அழகு பண்றோம்? உபயோகப்படுத்தறவங்களுக்காகவா? இல்லை. உபயோகப்படுத்தறவன் கைல குடுத்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். ரெண்டே நாள்ல ஃபைல் வந்துடும், குப்பை சேர்ந்துடும். என் முகப்பைப் போன மாசம் முடிச்சேன். அதுக்கப்புறம் நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடல. தொடவும் மாட்டேன். அதுதான் ஒரு கலைஞன் தன் கலைக்குக் குடுக்கற மரியாதை." கைதட்டல். "இப்ப பாக்கப்போற முகப்பு நம்ம விதி எல்லாத்தையும் மீறினது. பாக்கறவனை மதிக்காத முகப்பு. இதோட அசல் இன்னைக்கு உலகத்துல எங்கயும் இல்ல. ஏன்னா நம்ம செயலாளரே நேர்ல போய் அதைத் திருத்திட்டாரு. அசல் இல்லாததால இந்தப் படத்தோட மதிப்பு பல மடங்கு கூடியிருக்கு."

படம் விழுந்தது. கறுப்பு. இடது பக்கத்தில் மஞ்சள் எழுத்துகள், ஒவ்வொன்றும் ஆள் தலை அளவுக்கு.

வழக்கமான ஒரு நிமிட மௌனம். அதில் என் மனைவியின் குரல் கேட்டது.

"ரயில் வந்து நின்றது" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வலது பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. "அவள் பெட்டியைத் தூக்கினாள். நடைமேடையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று அவளும் நினைக்கவில்லை." வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்றுதான் படித்தாள். ஆனால் படித்தாள். "இங்க ஒரு கமா தேவையில்ல" என்று ஓர் இடத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ "உஷ்" என்றார்கள். அவள் நிறுத்தவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவள் படியில் ஒரு காலை வைத்து" என்று கடைசி வரியைப் படித்துவிட்டுக் காத்திருந்தாள். பிறகு மேடையைப் பார்த்து, அதாவது மேடைக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்து, "சார், அடுத்த பக்கம் போங்க" என்றாள்.

தலைவருக்குப் புரியவில்லை. "என்ன மேடம்?"

"இந்தப் பக்கம் முடிஞ்சுது. அடுத்த பக்கம் போடுங்க."

"மேடம், இது படம்" என்றார் தலைவர், மிகப் பொறுமையாக. "இதுல அடுத்த பக்கம்னு ஒண்ணு கிடையாது."

"அப்ப இதையே இன்னொரு தடவை படிச்சுக்கறேன்" என்று மேல்வரிக்குப் போனாள். "ரயில் வந்து..."

நிகழ்ச்சி நிரலில் அதற்கு நேரமில்லை. பொட்டு பொத்தானை அழுத்தினார். அந்த வருஷத்தின் சிறந்த முகப்பு சுவரில் விழுந்தது. இருட்டு மலை, முதுகு காட்டும் ஆள், நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ. மண்டபமே எழுந்து நின்றது.

"ஏங்க, கரண்ட் போயிடுச்சா?" என்றாள் அவள்.

"ஆமாம்மா, போயிடுச்சு" என்றேன்.

கைதட்டல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் சாய்ந்து, என் காதுக்கு அப்பால் பார்த்தபடி, மெதுவாகக் கேட்டாள்:

"கரண்ட் போனதுக்கு எதுக்குங்க கைதட்டறாங்க?"